குடை பிடித்தவள்

ஏலிக்குட்டிக்கு ஆசை என்று ஒன்றுமே கிடையாது என்றுதான் புளிக்கல் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். இருந்தது. தான் எடுத்த பூப்படத்துக்குக் கீழே தன் பெயர் அச்சில் வர வேண்டும், அவ்வளவுதான். கேரளத்தில் பாலாப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பெண்ணின் பெயர் இரண்டு தடவைதான் அச்சேறும்: கல்யாணப் பத்திரிகையில் ஒன்று, சாவு அறிவிப்பில் ஒன்று. இரண்டாவதைப் படிக்க அவள் இருக்கமாட்டாள்.

குவைத்திலிருக்கும் மகன் விட்டுப்போன, மூலை உடைந்த பழைய போன்தான் அவளுடைய கேமரா. கை ஆடாமலிருக்க அரிசி நிரப்பிய துணிப்பையின்மேல் அதை வைப்பாள். வெயில் சுள்ளென்று அடித்தால் புருஷனின் நைந்த வேட்டியைச் செடிக்கு மேலே கட்டுவாள். பின்னால் கோழிக்கூடும் துணிக்கொடியும் தெரியாமலிருக்கக் கறுப்புக் குடையை விரித்துச் சாய்த்து வைப்பாள். பட்டப்பகலில் எடுத்த ஆந்தூரியம் இருட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல நிற்கும்.

புருஷன் பாப்பச்சனுக்கு ரப்பர் ஷீட் வியாபாரம், தேவாலயக் கமிட்டியில் ஒரு நாற்காலி. "எடியே, பூவைப் படம் பிடிச்சா குழம்புக்கு ஆகுமா? மீன் கருகுது பாரு," என்பான். மீன் ஒருநாளும் கருகியதில்லை.

அந்த வருடம் தேவாலயக் காலண்டருக்கு பங்கு மக்களான இடவகைக்காரர்கள் வீட்டுப் பூக்களே போதும் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். அச்சன் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். குழுவில் வீட்டுக்கு ஒரு நம்பர், அது குடும்பத் தலைவரின் நம்பர். ஏலிக்குட்டி தன் படங்களைப் பாப்பச்சனின் போனுக்கு அனுப்பி, அவன் குளிக்கப் போன நேரத்தில் அங்கிருந்து குழுவில் போட்டாள். கீழே பெயர் எழுதவில்லை. யார் எடுத்தது என்று கேட்காமலா இருப்பார்கள் என்று நினைத்தாள். கேட்கவில்லை. அவள் செய்த தப்பு அதுதான்.

காலண்டர் வந்தது. பன்னிரண்டு மாதமும் அவள் பூக்கள்தான். கீழே: படங்கள், புளிக்கல் பாப்பச்சன்.

முதல் ஞாயிறு தேவாலயத்தில் எல்லோரும் பாராட்டியபோது பாப்பச்சன் கூச்சப்பட்டான். இரண்டாம் ஞாயிறு சிரித்தான். மூன்றாம் ஞாயிறு, "பொறுமை வேணும், அவசரப்பட்டா பூ பேசாது," என்று நாலு பேருக்குப் பாடமே எடுத்தான். ஏலிக்குட்டி பெண்கள் வரிசையில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் அச்சனே வீட்டுக்கு வந்துவிட்டார். "பாப்பச்சா, பின்னாடி அந்த இருட்டு எப்படி வருது? எனக்கு ஒண்ணு எடுத்துக் காட்டு."

பாப்பச்சன் போனைத் தலைகீழாகப் பிடித்தான். ஏலிக்குட்டி வாசல்படியில் நின்றாள். அவள் ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தால் போதும், சாயம் வெளுத்திருக்கும். ஆனால் முப்பத்தைந்து வருடமாக அந்த மனுஷனின் மானத்தைக் காத்த பழக்கம் அவளைக் கேட்காமலே காலை நகர்த்தியது. போய்க் குடையை எடுத்தாள், ஆர்க்கிடுக்குப் பின்னால் விரித்துப் பிடித்தாள்.

"வெள்ளை வட்டத்த அமுக்குங்க, இச்சாயா," என்று புருஷனிடம் முணுமுணுத்தாள்.

அமுக்கினான். படம் வந்தது.

அச்சன் சிரித்தார். "ஓ, குடைதானா. குடை பிடிக்க ஆள் இருந்தா யாருக்குத்தான் படம் வராது? புண்ணியம் பண்ணினவன்டா நீ."

அவர் போனதும் ஏலிக்குட்டி கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எடியே, உன் பேரு வேற, என் பேரு வேறயா? எல்லாம் ஒரே வீடுதானே."

"அப்ப என் பேரப் போட்டாலும் ஒரே வீடுதானே."

பாப்பச்சன் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தான். பிறகு, "சோறு எடுத்து வை," என்றான். எடுத்து வைத்தாள்.

அடுத்த வருடக் காலண்டரில் அச்சன் ஒரு வரி சேர்த்திருந்தார். படங்கள், புளிக்கல் பாப்பச்சன். குடை பிடித்தவர், அவர் மனைவி. பாப்பச்சன் அதை உரக்கப் படித்துக் காட்டினான். "பாத்தியா, உன்னையும் போட்டுட்டாங்க."

கேஸ் சிலிண்டர் வந்த தேதியைக் குறிக்க ஒரு காலண்டர் வேண்டுமே. ஏலிக்குட்டி அதை வாங்கி அடுப்படி ஆணியில் மாட்டினாள்.