தகரக் கோவிலில் ஒப்பித்தது

நேற்று ஊட்டி மார்க்கெட்டில் நனைந்த கம்பளி வாடை மூக்கில் ஏறியதும், தேவாலா எஸ்டேட்டில் இன்று வெறும் தேயிலைச் செடிகள் நிற்கிற இடத்தில் இருந்த எங்கள் தகரக்கூரை மாதா கோவிலுக்குள் போய்விட்டேன். கொழுந்து பறித்த பெண்கள் ஈரக் கம்பளியோடு அப்படியே வந்து உட்காருவார்கள். தகரத்தில் மழை இறங்கினால் பக்கத்து ஆள் இருமுவதுகூடக் கேட்காது என்பதால், முதன்முதலாக நற்கருணை பெற, அதாவது புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைகள் கடவுளின் இலட்சணங்களை ஒப்பிக்கும்போது, ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் உதட்டசைவைப் பார்த்தே தேறியவர்களைக் குறித்துக்கொள்வார்.

ஒன்றுமே படிக்காத மேதை நான். புதுநன்மைக்கென்று அம்மா தைத்து வைத்திருந்த வெள்ளைக் கவுனை நினைத்து, பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டு, பஸ் போகிற ஊர்களை வரிசையாகச் சொன்னேன். மழை சட்டென்று நின்றது.

"நாடுகாணி, கூடலூர், தேவர்சோலை" என்று என் குரல் மட்டும் கணீரென்று ஒலித்தது.

உபதேசியார் பென்சிலைக் கீழே வைத்தார். "அடுத்த வருசம் பாத்துக்கலாம், பாப்பா."

பின்னால் அம்மா எழுந்தாள். "ஏனுங்க, சாமி எங்கும் நிறைஞ்சவருன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? இந்த ஊருலயெல்லாம் இல்லீங்களா?"

அவர் பென்சிலை மறுபடி எடுத்தார். "இருக்காருங்க" என்று சொல்லி, என் பெயரைக் குறித்துக்கொண்டார்.

வாசலில் அம்மா என்னைத் திட்டுவாள் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவள் திட்டவில்லை.

"உபதேசியாருக்குத்தான் புள்ள மழைச் சத்தம். சாமிக்கு ஏது? உள்ள போயி முழுசாச் சொல்லிப்போட்டு வா."

ஞானோபதேசப் புத்தகத்தோடு காலிக் கோவிலுக்குள் திரும்பினேன். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஒரு வரி விடாமல், சத்தமாகப் படித்தேன்.