லில்லி அக்காவின் வெள்ளிக்கிழமை ஜெபம்

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் பேருந்தில் இருந்தபோது எங்கள் சபைப் போதகர் அழைத்தார். "சிஸ்டர், லில்லி அக்கா கர்த்தருக்குள்ள நித்திரை அடைஞ்சுட்டாங்க. தூக்கத்துலேயே."

"கூட யாரு இருந்தாங்க ஐயா?"

"யாரும் இல்லம்மா."

அதற்குமேல் கேட்க எனக்கு முகமில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லில்லி அக்கா முப்பது வருடங்களுக்கு மேல் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் அவருடைய மூவறை வீட்டில் வெள்ளிதோறும் மாலை ஜெபக்கூட்டம் நடக்கும். அவரைத் தவிர நாங்கள் பதினொரு பேர், முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். கப்பல் பட்டறைத் தம்பிகள் இருவர் எண்ணெய்க் கறையோடு வந்து வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். "ஆண்டவர் என்ன சட்டையப் பார்த்தா ஜெபம் கேக்குறாரு? உள்ள வாங்க தம்பி, டீ ஆறுது" என்று அதட்டுவார். ஊரிலிருக்கும் அவர்களுடைய பிள்ளைகளைக்கூடப் பெயர் சொல்லி ஜெபிப்பார்.

கணவர் இறந்தபின், ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் மகன் அவருக்குக் கிளமெண்டியில், வாசலில் காவலாளி இருக்கும் கொண்டோ அடுக்குமாடியில் வீடு வாங்கித் தந்தார். வெளிர்நிற சோபா ஒன்றை அக்காவே தேடிப் பிடித்து வாங்கினார். "ஆயுசு பூரா ஆஸ்பத்திரி நாற்காலி லா. இந்த ஒரு ஆசைதான்" என்று சிறுபிள்ளை போலத் தடவிக் காட்டினார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

அங்கே நடந்த முதல் கூட்டத்திலேயே சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். தம்பிகள் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். நாங்களும் தரையிலேயே உட்கார்ந்தோம். ஜெபத்தின் நடுவே நான் கண்ணைத் திறந்து, கூரையில் தொங்கிய விளக்கு என்ன விலை இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே அக்காவின் கண்களும் திறந்திருந்தன. யார் கோப்பையை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் பார்வைகளும் சந்தித்தன, சட்டென்று மூடிக்கொண்டோம்.

திரும்பும் வழியில் ரயிலில் அவரைத்தான் வாயில் போட்டு மென்றோம். "வசதி வந்ததும் விசுவாசம் போச்சு" என்று சொன்னது நானேதான். அந்த சோபா அக்காவின் ஜெபத்தைக் கெடுத்தது உண்மை. அதில் உட்காராத எங்களை இன்னும் அதிகமாகக் கெடுத்தது. ஒவ்வொருவராகக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினோம். கடைசியாக நிறுத்தியவள் நான்.

ஒரு நாள் அக்காவே அழைத்தார். "முன்னெல்லாம் கண்ண மூடினா ஆண்டவர் முன்னாடி நிப்பேன். இப்ப சோபா முன்னாடி நிக்கிறேன், வெக்கமா இருக்கு. உறையெல்லாம் கழட்டிப் போட்டுட்டேன், கறை பட்டா படட்டும். எல்லாரையும் கூட்டிட்டு வாங்க லா."

குரல் உடைந்திருந்தது. "இந்த வாரம் ஓவர்டைம் அக்கா, அடுத்த வாரம் கண்டிப்பா" என்றேன். என் வேலையில் ஓவர்டைமே கிடையாது. அந்த அடுத்த வாரம் இரண்டு வருடங்களாக வரவேயில்லை.

அடக்கம் முடிந்தது. ஜெபக்கூட்டப் பாட்டுப் புத்தகங்களை என்னை எடுத்துக்கொள்ளச் சொல்லி, வீட்டுச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு மகன் புறப்பட்டுவிட்டார். நேற்று மாலை போனேன். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோகும் தமிழர் அந்தக் காவலாளி. பெயர் கேட்டார், சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"கிரேஸ் மேரியா? வெள்ளிக்கிழமை லிஸ்ட்ல இருக்கிற பேரு லா. அம்மா வாராவாரம் பதினொரு பேர எழுதிக் குடுப்பாங்க, இவங்க வந்தா ஒண்ணும் கேக்காம மேல அனுப்புங்கன்னு. போன வெள்ளியும் குடுத்தாங்க. நான் வேலைக்குச் சேர்ந்த இந்த ரெண்டு வருஷத்துல ஒருத்தரும் வந்ததில்ல."

சாவியை வாங்கிக்கொண்டேன். மின்தூக்கியில் தனியாக ஏறும்போது அழுகையை அடக்க முடியவில்லை.

கர்த்தரிடம் இளைப்பாறுங்கள் அக்கா. நேற்று வெள்ளிக்கிழமைதான், நான் வந்தேன். கதவை நானே திறந்துகொள்ள வேண்டியிருந்தது.