மீசையை மட்டும் திருத்திய பிலோமினா அக்கா

பிலோமினா அக்கா போய்விட்டார். இன்று காலை ஆறரை மணிக்கு, வீட்டிலேயே. அவருடைய தங்கச்சி ரீட்டா போன் செய்து சொன்னார்.

பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் எங்கள் பேப்பரின் கோவைப் பதிப்பில், இரண்டாம் பக்க மூலையில் தினமும் வந்த கார்ட்டூன் ஞாபகம் இருக்கும். கீழே குட்டியாக 'பிலோ' என்று கையெழுத்து. அவர்தான்.

வாசகர் கடிதங்கள் எல்லாம் "திரு. பிலோ அவர்களுக்கு" என்றே வரும். அக்கா திருத்தியதே இல்லை. "ஆம்பளைன்னே நெனச்சுக்கட்டுங்க, திட்டறதுக்குத் தோதா இருக்குமல்ல" என்பார்.

ஞாயிறு சிறுவர் பக்கத்துக்குப் படம் போடத்தான் அவரை வேலைக்கு எடுத்தார்கள். முயல், யானை, புள்ளிகளை இணைத்தால் மயில்... அப்போது இருந்த கார்ட்டூனிஸ்ட் திடீரென்று சென்னைக்குப் போய்விட, "ஒரு வாரம் சமாளிங்கம்மா, ஆள் போட்டுடறோம்" என்றார் ஆசிரியர்.

அந்த ஒரு வாரம் பத்தொன்பது வருடம் ஓடியது.

நான் அந்தப் பக்கத்தின் சப்-எடிட்டர். சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். ஆற்றுக்குள் ஒரு குழாய் கழிவைக் கொட்டுகிற மாதிரி அக்கா வரைந்திருந்தார். குழாய்க்கு மேலே 'சாய ஆலை' என்று போர்டு. விளம்பரப் பிரிவில் இருந்து ஒருவர் வந்து, சாய ஆலைக்காரர்கள் நமக்கு விளம்பரம் தருகிறவர்கள் என்று முணுமுணுத்தார். நான் கம்ப்யூட்டரில் அந்த போர்டை மட்டும் அழித்துவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா நேராக என் டேபிளுக்கு வந்தார். "இந்த போர்டை அழிச்சது யாருங்க?"

நான்தான் என்றேன். காரணம் சொல்ல இழுத்தேன்.

"போர்டு இல்லாம அது மழைத்தண்ணிக் கொழாய் மாதிரியல்ல இருக்குது? என்னைய ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமல்ல கண்ணு?"

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் நான் 'பார்த்தேன், மாற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகுதான் ஸ்கேன் செய்யக் கொடுப்பார். முதல் ஒரு மாதம் கோபத்தோடு போட்டேன். அப்புறம் பழகிவிட்டது.

பல்லடம் பக்கம் ஓர் ஊரில் தண்ணீர்த் தொட்டி கட்டித் திறப்பு விழாவும் நடத்தி முடித்துவிட்டார்கள். தண்ணீர் மட்டும் ஏறவே இல்லை. அக்கா வரைந்த படத்தில் தொட்டிக்குக் கீழே வரிசையாகக் காலிக் குடங்கள். தொட்டிக்கு மேலே ஊர்த் தலைவர் சேர் போட்டு உட்கார்ந்து காற்று வாங்குகிறார்.

பேப்பர் வந்த அன்றைக்கே அந்தத் தலைவர் இரண்டு கார் நிறைய ஆட்களோடு ஆபீசுக்கு வந்துவிட்டார். "யாருங்க அந்த பிலோ? வரச்சொல்லுங்க அந்தாளை!"

கையில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டே அக்கா வெளியே வந்தார். "நாந்தானுங்க."

தலைவர் திணறிப்போனார். "ஏனுங்க அம்மணி... நீங்களா?"

"ஆமாங்க. படத்துல எது பொய்யின்னு சொல்லுங்க, மாத்தித் தாரேன். தொட்டியில தண்ணி ஏறுதுங்களா?"

"அது... இன்னும் மோட்டார் வரோணுமுங்க."

"அப்ப வேற எதுங்க தப்பு?"

அவர் பேப்பரை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ற மீசை இப்பிடியா தொங்குது? மேல முறுக்கியல்ல இருக்குது!"

அக்கா அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தார். "தப்புத்தானுங்க. மன்னிச்சுக்கங்க. நாளைக்கே திருத்திப் போடறனுங்க."

ஆசிரியர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்று சொல்லும் வரை அக்கா அவர் மேஜை முன்னாலேயே நின்றார்.

மறுநாள் அதே படம் வந்தது. அதே தொட்டி, அதே குடங்கள். மீசை மட்டும் மேலே முறுக்கியிருந்தது. கீழே ஒரு வரி: 'நேற்றைய படத்தில் தலைவரின் மீசை தவறாக வரையப்பட்டிருந்தது. வருந்துகிறோம்.'

ஊரே சிரித்தது. மோட்டாரும் வந்து சேர்ந்தது.

பிறகு பக்கங்களைக் குறைத்தார்கள். கார்ட்டூன் நின்றது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருந்தோம். "பேப்பர்ல எடம் இல்லைன்னுதானுங்க சொன்னாங்க. வரையக் கூடாதுன்னு சொல்லலையல்ல?" என்று பேனாக்களை டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த நாளிலிருந்து தினமும் ஒரு படம் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூட, காலைப் பூசை முடிந்ததும்.

இரண்டு வருடம் முன்பு வலது கை நடுங்க ஆரம்பித்தது. மெல்லிய பேனா நிற்கவில்லை. தடி மார்க்கருக்கு மாறினார். முகங்களில் நுணுக்கம் எல்லாம் போய் மூக்கும் தொந்தியும் மட்டும் மிஞ்சின... ஆனாலும் யார் என்று தெரிந்துவிடும். அரை மணியில் முடிகிற படத்துக்குப் பாதிப் பகல் ஆயிற்று. "ரெஸ்ட் எடுங்கக்கா" என்று ஒருமுறை சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்து, மடியில் பரீட்சை அட்டையோடு இருந்தார். அவர்கள் தெருவை மூன்றாவது தடவையாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அதைத்தான் வரைந்துகொண்டிருந்தார்.

"பொக்லைன் கை எப்பிடி மடங்குதுன்னே புடிபடலை கண்ணு. போறப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்பி உடுங்க."

தெருமுனையில் நின்று நாலு பக்கமும் எடுத்து அனுப்பினேன். டிரைவர் முறைத்தார்.

படம் நேற்று மதியம் முடிந்துவிட்டதாம். இன்று காலை, டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதும், ரீட்டா அதை முதலில் அவர்கள் வார்டு கவுன்சிலருக்குத்தான் அனுப்பியிருக்கிறார். "அக்கா அனுப்பச் சொல்லிப் போட்டுத்தானுங்க படுத்தாங்க" என்றார்.

இங்கேயும் போட்டிருக்கிறேன், பாருங்கள். பொக்லைன் கை சரியாக மடங்கியிருக்கிறது.

மாலை நாலு மணிக்குச் சர்ச்சில் பூசை. அப்புறம் அடக்கம்.

வாரேனுங்கக்கா.