இடுப்பில் கட்டிய பொன்னாடை

காலை ஏழு மணிக்கு அண்ணாச்சியின் மனைவி கோமதி மைனி போன் செய்தார். "தம்பி, அண்ணாச்சி போயிட்டாவ. ராத்திரி படுத்தாவ, எந்திரிக்கல." மாரடைப்பு. பாளையங்கோட்டைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் என்னோடு வேலை பார்த்த கணக்கு ஆசிரியர் சங்கரலிங்கம் அண்ணாச்சியைப் புற்றுநோய் கொல்லவில்லை. அதை மருத்துவமனை வேண்டுமானால் வெற்றி என்று எழுதிக்கொள்ளட்டும்.

அவரிடம் படித்த உங்களுக்கு அவருடைய வாக்கு நினைவிருக்கும்: "கேள்வி கேக்காதவனுக்குப் பாதி விடைதாம்லே கிடைக்கும்." அதே மனிதர், புராஸ்டேட்டில் புற்று என்றதும் மருத்துவர் முன்னால் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் நான் இருந்தேன். "வயிற்றைக் கிழிக்க மாட்டோம். சின்னத் துளைகள்தான். நாலாம் நாள் வீட்டுக்குப் போகலாம்" என்றார் மருத்துவர். வீட்டுக்குப் போனபின் எப்படி இருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அண்ணாச்சி, "பைய யோசிப்பமே வே" என்றார். "யோசிக்க என்ன இருக்கு, துளைதான அண்ணாச்சி" என்று அவசரப்படுத்தியவன் நான்.

அறுவை நன்றாகத்தான் நடந்தது. சிறுநீர்க் குழாயோடு வீடு வந்தார். சில நாளில் அதையும் எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் புற்றின் சுவடே இல்லை. எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்துக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? மூன்றாம் மாதமே மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினோம். ஏற்புரையில் பழைய மாணவன் ஒருவனின் குறும்பைச் சொல்லி அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு கைகூப்பினார்.

நம் ஊரில் துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கினால் பணிவு என்று அர்த்தம். முதலில் கைதட்டியவன் நான். அரங்கமே தட்டியது. நன்றியுரையில் வேறு, "நிறைகுடம் தளும்பாது" என்று அளந்துவிட்டேன்.

அதன்பின் அவர் எங்கும் வரவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் நடந்த என் மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. "பொன்னாடை போத்துனதும் தலைக்கனம் ஏறிட்டு" என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். ஒரு வருடம் நான் அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

சாவு வீட்டில்தான் மைனி சொன்னார். "பணிவும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. அன்னைக்கு மேடையில வேட்டி நனைஞ்சிட்டு. சிரிச்சா, இருமுனா, ஒழுகிரும். அந்த வெக்கத்துல வீட்டை விட்டே இறங்கல."

"டாக்டர்ட்ட கேக்கலியா மைனி?"

"உசிரக் காப்பாத்துனவர்ட்ட இதயா போய்க் கேக்கன்னுட்டாவ. உங்கள்ட்டயாவது சொல்லுங்கன்னேன். அவருதான மொத ஆளாக் கைதட்டுனாருன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாவ."

இந்த அறுவைக்குப் பின் வரும் ஒழுகல் பலருக்குச் சில மாதங்களில் குறைந்துவிடுமாம். அதற்கென்று பயிற்சிகள் உண்டாம். அப்படியும் நிற்காவிட்டால் சிகிச்சையும் உண்டாம். அவர் அஸ்தியைத் தாமிரபரணியில் கரைத்த மறுநாள் இன்னொரு மருத்துவரிடம் போய் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு அந்த முதல் மருத்துவர் மீது கோபம். என் மீது அதைவிடக் கோபம்.

அந்தப் பொன்னாடை இப்போது என்னிடம் இருக்கிறது. அண்ணாச்சி நினைவாக ஏதாவது வேண்டும் என்று நான்தான் கேட்டேன். நாலாக மடித்து வைத்திருந்ததை எடுத்து வந்து நீட்டிய மைனி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நல்லாத் தொவச்சுட்டேன் தம்பி."