கடலை விழுதுப் பிள்ளையார்

ரொட்டியில் தடவப் பேத்தி கடலை வெண்ணெய் பாட்டிலைத் திறந்தாள். சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், பொந்தியானில் நான் சிறுவயதில் வளர்ந்த வீட்டுக் கொல்லை அப்படியே மணந்தது.

அப்பாவும் அம்மாவும் அங்கே சிங்கப்பூர் பிஸ்கட் கம்பெனி ஒன்றுக்கு நிலக்கடலை விழுது அரைத்து அனுப்பினார்கள். மணல் போட்டு வறுத்து, தோலைப் புடைத்து, ஆட்டுக்கல்லில் கெட்டியாக அரைப்பார்கள். டின்களில் அடைத்து, அப்பா ஈயம் வைத்து மூடியதும் படகில் ஏறும்.

மூடுவதற்கு முன் அம்மா ஒரு பிடி விழுதில் பிள்ளையார் பிடித்து, தலையில் அருகம்புல் செருகி, டின்னுக்குள்ளேயே மேலாக வைத்துக் கும்பிடுவாள். பிறகு எடுத்துவிடுவாள். ஒருநாள் திடீரென்று மழை. அவசரத்தில் அப்பா பிள்ளையாரோடு மூடிவிட்டார். படகு போன பிறகுதான் தெரிந்தது.

"புல்லைப் பாத்தா, இனிமே நம்ம சரக்கே வேணாம்னுடுவாங்க," என்றார் அப்பா.

"உங்களுக்குச் சரக்கு பெருசு! சாமியைப் பிஸ்கட்ல போட்டுப் பிசைஞ்சிடுவாங்களே!" அம்மா அன்று சாப்பிடவில்லை.

அடுத்த முறை வந்த சீனப் படகுக்காரர் சிவப்புக் காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.

"அக்கா, உங்க சாமி. கம்பெனி தவுக்கே பத்திரமா கொடுக்கச் சொன்னாரு லா. டின்னும் இன்னும் வேணுமாம்."

பிரித்தோம். அருகம்புல் காய்ந்திருந்தது. அந்த முதலாளி ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டிருக்கிறார், தொப்பையெல்லாம் சாம்பல். அதைத் துடைக்க அம்மா யாரையும் விடவில்லை.

பேத்தி பார்க்காதபோது ஒரு விரல் வழித்து உள்ளங்கையில் பிடித்துப் பார்க்கிறேன். கடைச் சரக்கு. பிள்ளையார் உட்காராமல் வழிகிறார்.