கிட்னி இல்லாத புத்தகம்

இரண்டு வருடத்துக்கு முன்னால், கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பூதப்பாண்டியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நாகர்கோவிலில் நர்சிங் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மகள் புத்தகமும் கையுமாக அடுக்களைக்கு வந்து, "எம்மா, இந்த புக்குல கிட்னியே இல்ல" என்றாள்.

நான் ஒரு பொருளை வாங்கினால் அது சோடை போகாது என்று குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பெயர் என்ன பெயர், நானே சொல்லிச் சொல்லி உண்டாக்கியதுதான். வெண்டைக்காயை நுனி ஒடிக்காமல் வாங்க மாட்டேன். தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்க்காமல் பையில் போட மாட்டேன். மகளுக்கு உடற்கூறியல் புத்தகம் வேண்டும், புதிது வாங்கக் கட்டாது என்று ஆனபோது, பழையதை நான் பார்த்து வாங்குகிறேன் என்று முந்திக்கொண்டு நின்றதும் நான்தான்.

பழைய பாடப்புத்தகங்கள் விற்பதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு தரம் போட்டிருப்பார்கள். 'புதுசு போல', 'ரொம்ப நல்லது', 'நல்லது', 'பரவாயில்லை' என்று நாலு தரம். 'பரவாயில்லை' என்று இருந்த ஒன்றைப் பார்த்தேன். அட்டை கிழிந்து, பக்கமெல்லாம் மஞ்சள் கோடு. சே, இது நமக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மார்த்தாண்டத்தில் ஒரு மாணவியிடம் 'புதுசு போல' இருந்ததை வாங்கினேன். வந்த புத்தகத்தைப் பார்க்கணுமே! ஒரு கோடு இல்லை, ஒரு மடிப்பு இல்லை. பக்கத்து வீட்டுக்குக்கூடக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தேன்.

இப்போது அதே புத்தகத்தில் சிறுநீரகப் பாடம் வர வேண்டிய முப்பத்திரண்டு பக்கங்களைக் காணோம். அந்த இடத்தில் நுரையீரல் இரண்டாவது தடவை வந்திருக்கிறது. பைண்டிங் செய்யும்போது அடுக்கு மாறிப் போயிருக்கிறது. புத்தகம் ஏன் அவ்வளவு புதிதாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. யாருமே அதைத் திறக்கவில்லை!

திங்கட்கிழமை தேர்வு. சிறுநீரகம்தான் முக்கியமான பாடம். முதல் தேர்வில் ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தாள் மகள். இதிலும் போனால் படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

மார்த்தாண்டத்துப் பெண்ணுக்குப் போன் போட்டேன். பாவம், அவளும் திறந்து பார்க்காமலே வாங்கி, திறக்காமலே விற்றிருக்கிறாள். தரம் என்றால் கிழிசல், கிறுக்கல், அட்டை இதெல்லாம்தான் அக்கா, பக்கம் எல்லாம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவே இல்லையே என்றாள். நியாயம்தான். புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். திருப்பிக் கொடுத்தால் கிட்னி வந்துவிடுமா? ஹாஸ்டலில் இருந்த தோழி ஒருத்தி அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினாள். பாதிப் படத்தில் அவளுடைய விரல்தான் இருந்தது.

மறுநாள் காலை, முட்டத்திலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் அக்கா வந்து ஹார்ன் அடித்தார். எட்டு வருடமாக அவரிடம்தான் மீன் வாங்குகிறேன். மனது சரியில்லாவிட்டாலும் கை சும்மா இருக்குமா? அயிலை மீன் ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

"எனக்க மீன மட்டும் செவுளத் தூக்கி, வயித்த அமுக்கி, மோந்து பாத்துதான் எடுக்கிய. புக்க மட்டும் தோலப் பாத்து வாங்கிட்டியளா மக்ளே?"

எனக்கு மானம் போனது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவர் புத்தகத்தின் பெயரைக் கேட்டார். அவருடைய மூத்த மகள் குவைத்தில் நர்ஸ் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எட்டு வருடத்தில் மீன் விலையைத் தவிர வேறு எதையும் நான் அவரிடம் கேட்டதில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு, கொட்டுகிற மழையில் மறுபடியும் ஹார்ன். மீன் விற்று வீட்டுக்குப் போனவர், முட்டத்திலிருந்து அத்தனை தூரம் திரும்பி வந்திருக்கிறார். அவர் போட்டிருக்க வேண்டிய மழைக்கோட்டு, ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பொட்டலத்தைச் சுற்றியிருந்தது. அவர் தெப்பமாக நனைந்திருந்தார்.

பிரித்தால், அவருடைய மூத்த மகள் படித்த, அட்டையே இல்லாத புத்தகம். முதுகு பிய்ந்துபோனதை அவருடைய வீட்டுக்காரர் வலை நூலால் தைத்திருக்கிறார். வலைக்குப் போடுகிற முடிச்சு, இழுத்தாலும் வராது. லேசாக மீன் வாசம் வேறு. அந்த நாலு தரத்தில் எதிலும் இதைச் சேர்க்க முடியாது. நான் நன்றி சொல்லி மகளிடம் நீட்டப் போனேன். அக்கா விடவில்லை.

"அப்பிடி வாங்கப்பிடாது. எண்ணிப் பாருங்க, நான் நிக்கேன்."

சொட்டச் சொட்ட நின்றபடி அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் சிறுநீரகப் பாடத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். ஒன்றும் குறையவில்லை. பழைய பதிப்புதான், அதனால் என்ன, கிட்னி இன்னும் அதே இடத்தில்தானே இருக்கிறது என்று மகள் சொன்னாள். இரண்டு வாரம் கழித்து அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். ஞாயிறு முழுக்க அந்தப் புத்தகத்தோடுதான் கிடந்தாள். எங்கள் வீட்டுப் பூனையும் வாசம் பிடித்து அவள் பக்கத்திலேயே கிடந்தது.

தேர்வில் நல்லபடியாகத் தேறினாள். இப்போது மூன்றாம் ஆண்டு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அக்கா வாங்கவில்லை, படிக்கிற அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். போன மாதம் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தோம், முழுக்க எண்ணிப் பார்த்துத்தான்.

இப்போதும் நான் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் மீன் எடுக்கிறேன், அந்தப் புத்தி மாறாது. ஆனால் எட்டு வருடமாக ஒவ்வொரு மீனிலும் அவரைச் சந்தேகப்பட்ட நான் எப்படிப்பட்ட ஆள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அவர் மழையில் வந்து நின்றதை நினைக்கும்போதெல்லாம், மீனைப் பிடித்திருக்கும் என் கை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.