குழாயடிப் படம் பார்க்க மைசூர் போனேன்

போன மாதம் மூன்றாவது ஞாயிறு கொள்ளேகாலத்திலிருந்து மைசூர் போய்வந்தேன். மலை ஏறவில்லை, அரண்மனைப் பக்கம் திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைப் பார்க்கத்தான் போனேன். அந்தப் படத்தில் என் அக்கா இருக்கிறாள் என்று ஐம்பத்தேழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

காரணத்தைச் சொல்லாமல் வழியை மட்டும் சொன்னால் உங்களுக்குப் புரியாது. எங்கப்பாவுக்கு மைசூரில் ரயில்வே வேலை. மண்டி மொஹல்லாவில் ஒரு சந்தில் குடியிருந்தோம். சந்துக் கோடி வீட்டில் ஒரு டிராயிங் மாஸ்டர், கன்னடக்காரர். ஒருநாள் காலையில் பலகையும் தண்ணீர்க் குவளையுமாக வந்து குழாயடிக்கு எதிரே உட்கார்ந்து படம் எழுத ஆரம்பித்தார். அக்கா சரசு குடத்தோடு நின்றாள். அவளுக்குப் பதினாறு, எனக்குப் பதினொன்று. நானும் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னைக் கவனித்தாள். "தள்ளிப் போடி, உன் சளிமூக்கும் படத்துல விழுந்துடப் போகுது" என்று அத்தனை பேர் முன்னால் பிடித்துத் தள்ளினாள். மாஸ்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு அவளோடு பேச்சை விட்டேன். பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் அவளை மஞ்சள் காமாலை என்று பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவில்லை.

அக்காவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. "மாப்பிள்ளை பாக்கறப்ப எடுத்துக்கலாம், இப்ப எதுக்குத் தண்டம்" என்று தடுத்தவர் பெரியப்பா. அவர் செத்தபோது நான் போகவில்லை. இப்போதும் அதற்கு வருத்தமில்லை.

இரண்டு மாதம் முன்பு பிலோமினா ஒரு நோட்டீஸை போனில் அனுப்பினாள். பிலோமினா அதே சந்தில் வளர்ந்தவள், நர்ஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்று விஜயநகரில் இருக்கிறாள். மூன்றாம் வகுப்பில் என் பலப்பத்தை ஒடித்தவளும் அவள்தான். அங்கே உள்ளூர் ஓவியர்கள் சங்கம் ஒன்று மாதாமாதம் மூன்றாவது ஞாயிறு டெமோ வைக்கிறது. ஒரு ஓவியர் எல்லார் கண்ணெதிரே வெள்ளைத் தாளில் தொடங்கி முழுப் படத்தை எழுதி முடிப்பார். அந்த மாதம் கூடவே பழைய உறுப்பினர்களின் படங்களையும் வைக்கிறார்களாம். பட்டியலில் எங்கள் மாஸ்டர் பெயர் இருந்தது. படத்தின் பெயர் 'நல்லி ஹத்திர'. குழாய்க்குப் பக்கத்தில் என்று அர்த்தம்.

காலை 6.40க்குக் கொள்ளேகாலம் பஸ் ஸ்டாண்டில் அரசு பஸ். கர்நாடகத்துப் பெண்களுக்கு ஆதாரைக் காட்டினால் டிக்கெட் இலவசம். ஆண்களும் வெளி மாநிலத்துப் பெண்களும் காசு கொடுக்க வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் எண்பத்தைந்து ரூபாய் கொடுத்தார். தூரம் அறுபது கிலோமீட்டர் சொச்சம். டி. நரசீபுரத்தில் பத்து நிமிஷம் நிற்கும். ஜன்னலோரம் கிடைத்திருந்தால் இறங்காதீர்கள், திரும்பி வரும்போது வேறொருத்தர் உட்கார்ந்திருப்பார். எனக்கு நடந்திருக்கிறது, அந்தப் பச்சைச் சேலைக்காரி முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. 8.30க்கு மைசூர்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து விஜயநகர் ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில்தான் மீட்டர் போடச் சொன்னேன். அவர் தமிழிலேயே கேட்டார்: "கொள்ளேகாலம் பஸ்ஸா அம்மா? எங்க மாமியார் ஊரு."

"அப்ப பத்து ரூபா குறைச்சுக்கோங்க."

"மாமியார் ஊருன்னு சொன்னேன். மாமியாரைப் பிடிக்கும்னு சொன்னேனா?"

மீட்டர்படி நூற்றிப் பத்து கொடுத்தேன். நல்ல மனுஷன், வாசலிலேயே இறக்கிவிட்டார்.

சங்கம் முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது, பதினெட்டுப் படி. மூட்டுவலிக்காரர்கள் கவனிக்கவும். பிலோமினா எனக்கு முன்னாலேயே வந்து நாற்காலி பிடித்து வைத்திருந்தாள். நான் நேரே பழைய படங்கள் இருந்த அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. டெமோ முடிந்த பிறகுதான் திறப்பார்களாம். முன்னாலேயே திறந்துவிட்டால் ஜனங்கள் படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், டெமோவுக்கு ஆள் இருப்பதில்லை, அதனால் அங்கே அதுதான் வழக்கம் என்றார் ஒருவர். நான் சத்தம் போட்டேன்.

"சும்மா இருடி" என்றாள் பிலோமினா. "இத்தனை வருஷம் இருந்தே, ரெண்டரை மணி நேரம் இருக்க மாட்டியா?"

"இத்தனை வருஷம் பூட்டு இல்லையே."

பத்து மணிக்குத் தொடங்கியது. எழுதியவர் நாகராஜ், ஐம்பது வயதிருக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆற்றுப் படித்துறையை எழுதினார். தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி, அகலப் பிரஷ்ஷால் தண்ணீர் பூசி, நீலத்தைத் தொட்டு வைத்தார். வானம் தானாகப் பரவியது. ஆற்றின் மேல் வெயில் அடிக்கிற இடத்துக்கு அவர் எந்த நிறமும் வைக்கவில்லை. வெறும் தாளை அப்படியே விட்டார். அதுவே பளபளத்தது. நடுநடுவே தலைமுடி காயவைக்கிற மிஷினை எடுத்து 'உய்ங்' என்று தாளைக் காயவைத்தார். 11.15க்குக் காபியும் கோடுபளே என்கிற வளைய முறுக்கும் தந்தார்கள். காபி பரவாயில்லை. கோடுபளேயைப் பல்லுள்ளவர்கள் சாப்பிடலாம்.

அதுவரை எனக்குச் சந்தோஷம்தான். கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் அது கெட்டது. படித்துறையில் ஆட்களை வைத்தார். ஒரு சொட்டுத் தலை. அதன் கீழே ஒரு இழுப்பு உடம்பு. கால் ஒரு கீற்று. அவ்வளவுதான். ஏழு பேரை நான் மூச்சு விடுவதற்குள் வைத்துவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன்.

"ஏனுங்க, மூஞ்சி எங்க?"

கூட்டம் சிரித்தது. நாகராஜ் சிரிக்கவில்லை. "அஜ்ஜி, இவ்வளவு தூரத்துல முகம் தெரியாது" என்று, என்னைப் பாட்டியாக்கி, கன்னடத்தில் சொன்னார். "கண்ணு மூக்கு வெச்சா பாக்கறவங்க அங்கயே நின்னுடுவாங்க, ஆத்துப் பக்கம் போகமாட்டாங்க. எங்க மேஷ்ட்ரு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு."

"யாரு உங்க மேஷ்ட்ரு?"

எங்கள் சந்துக் கோடி வீட்டு மாஸ்டர் பெயரைச் சொன்னார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைப் பார்க்கத்தானே கிளம்பி வந்தேன். அக்காவின் முகம் என் மனதில் மங்கவில்லை. வலது புருவத்தில் வெட்டு, முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து, எல்லாம் இருக்கிறது. ஆனால் எனக்கு வெளியே, இன்னொருத்தர் பார்க்கிற மாதிரி, அது எங்கேயாவது இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் ஏங்கினேன். நான் போய்விட்டால் அந்த முகமும் போய்விடும்.

12.40க்கு அறையைத் திறந்தார்கள். இடது சுவரில் மூன்றாவது படம். நீளம் இரண்டு சாண்தான் இருக்கும். எங்கள் குழாய், சாய்ந்த சுவர், பின்னால் வேப்பமரம். குழாய்ப் பக்கத்தில் ஒரு பழுப்புச் சொட்டு, அதன் கீழே ஒரு நீல இழுப்பு. கண் இல்லை, மூக்கு இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். குடம் வலது இடுப்பில் இருந்தது. சந்தில் எல்லாருக்கும் இடது, அக்கா ஒருத்திதான் இடதுகைக்காரி, அதற்காக அம்மாவிடம் வாங்காத அடியில்லை. ஒரு காலை மற்றக் காலின் மேல் ஏற்றி, தண்ணீர் வர நேரமானால் சலித்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சலிப்பு அப்படியே அந்த இழுப்பில் இருந்தது.

"சரசுடி" என்றாள் பிலோமினா. சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "நிக்கறதைப் பாரேன்."

நான் சொல்வதற்கு முன்னால் அவள் சொன்னாள். பலப்பத்தை அன்றோடு மன்னித்துவிட்டேன்.

பிறகுதான் இன்னொன்றைப் பார்த்தேன். அக்காவை ஒட்டி ஒரு சின்னச் சிவப்புச் சொட்டு. உயரம் அவள் தோள் அளவு. இரண்டும் சேருமிடத்தில் நீலமும் சிவப்பும் ஒன்றுக்குள் ஒன்று ஓடியிருந்தது. நாகராஜைக் கூப்பிட்டுக் கதையைச் சொன்னேன். "இது நான்தானா?"

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "பெரிசும் சின்னதும் ஒரே மூச்சுல வெச்சது அம்மா" என்றார். அஜ்ஜி போய் அம்மா வந்திருந்தது. "ஒண்ணு காஞ்சப்புறம் இன்னொண்ணை வெச்சிருந்தா நடுவுல கோடு தெரியும். ஈரத்துல வெச்சதாலதான் இப்படி ஓடியிருக்கு."

"ஆனா அன்னிக்கு நான் போட்டிருந்தது பச்சைப் பாவாடை. தீபாவளிக்குத் தைச்சது. எனக்கு மறக்காது."

"பின்னால மரம் பச்சை. பச்சைப் பாவாடையை அங்க வெச்சா மரம் முழுங்கிடும். நானா இருந்தாலும் சிவப்பாத்தான் மாத்தியிருப்பேன்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா நீங்கதான்னு நான் சொல்லமாட்டேன். தனியா ஒரு ஆள் நின்னா படம் நிக்காதுன்னு மேஷ்ட்ரு சும்மாவும் ஒண்ணு வைப்பாரு."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் அவர் சொன்ன மற்றதையும் நம்புகிறேன்.

படம் விற்பனைக்கு இல்லை, மாஸ்டர் குடும்பத்துச் சொத்து. ஃபிளாஷ் இல்லாமல் போனில் எடுக்கலாம். பிலோமினா எடுத்துக் கொடுத்தாள். 3.15 பஸ்ஸில் திரும்பினேன், ஐந்தரைக்கு வீடு.

போக நினைப்பவர்களுக்கு: டெமோவுக்குக் கட்டணமில்லை. 9.40க்குள் போய் இடது பக்கமாக உட்காருங்கள், வலது பக்கம் இருந்தால் எழுதுகிறவர் கை மறைக்கும். அவர் தலைமுடி மிஷினை எடுக்கும்போது மட்டும் பேசலாம், மற்ற நேரம் முறைப்பார்கள். ஆட்களைக் கடைசியில்தான் வைப்பார்கள், காபியோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.

பஸ்ஸில் வரும்போது டி. நரசீபுரம் வரைக்கும் போனிலேயே அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெரிசாக்கினால் அக்கா கலைந்து வெறும் நீலமாகிவிடுகிறாள். சின்னதாக்கினால்தான் திரும்பி வந்து நிற்கிறாள். பக்கத்தில் அந்தச் சிவப்பு. அக்கா என்னைத் தள்ளுவதற்கு முன்னால் இருந்த கொஞ்ச நேரம் அது.

என் ஞாபகத்தில் ஒரு குண்டுமணியைக்கூட நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கூடப்பிறந்தவர்கள், கட்டினவர், யார் வாதாடியும் ஜெயித்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். இனி யார் கேட்டாலும், அன்றைக்கு நான் போட்டிருந்தது சிவப்புப் பாவாடை.